பழைய காரின் சூடும் சைலன்சரும்

பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் காரை நகர்த்தும் வேலையாகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சூடான புகையோடு சைலன்சர் வழியே போய்விடுகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் காற்றிடம் விடுகிறது. மிச்சம் உராய்விலும் எஞ்சினின் வெளிப்பரப்பிலும் கழிகிறது. பழைய கார்களைப் பற்றிப் பட்டறையில் அதிகம் கேட்கும் இரண்டு முறையீடுகள், ‘சைலன்சர் ஆடுது’ என்பதும் ‘வண்டி ஹீட் ஆகுது’ என்பதும். வெப்பம் வெளியேறும் இந்த இரண்டு வழிகளிலும் நேரும் கோளாறுகள்தான் அவை.

லிட்டருக்கு 12 கி.மீ. ஓடும் பழைய கார் ஒன்று மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறது என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் நான்கு லிட்டருக்குச் சற்று மேல் பெட்ரோல் எரிகிறது. லிட்டருக்குச் சுமார் 32 மெகாஜூல் என்ற கணக்கில் இது 37 கிலோவாட். இதில் ரேடியேட்டர் தள்ள வேண்டிய வெப்பம் மட்டும் சுமார் 12 கிலோவாட். குளியலறையில் மாட்டும் 2 கிலோவாட் கீசர்கள் ஆறு சேர்ந்து ஓயாமல் ஓடினால் எவ்வளவு சூடு வருமோ அவ்வளவு.

இத்தகைய பழைய கார் ஒன்று சென்னைக்கு அருகிலேயே பிறந்தது. படப்பை அமைந்திருக்கும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை இன்று ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் சாலை. 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று அங்கே ஒவ்வொன்றாக உற்பத்தி தொடங்கியது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இதே சாலையின் கிழக்கு முனையில், வண்டலூரை ஒட்டி, கார் தயாரானது. 1948இல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 1971 வரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இங்கே தயாரித்தது. இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி வடிவமைத்த இந்தக் கார் இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. அங்கே எஞ்சின் 1147, 1296 சி.சி. என்று வளர்ந்துகொண்டே போனது. இங்கே கடைசிவரை 948 சி.சி.தான். நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாரானது. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கம் சாய்ந்து திறக்கும் என்பதால் எஞ்சின் முழுக்க வெளியே தெரியும். டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பழுது பார்ப்பவருக்கு இவ்வளவு இடம் கொடுத்த கார் வேறு அரிது. தனிச் சேசிஸ், வார்ப்பிரும்பு எஞ்சின், எஞ்சினோடு பிணைந்து சுற்றும் விசிறி என்ற இதன் அமைப்பு, மோனோகாக் உடல் கொண்ட அம்பாசிடர், பத்மினி கார்களுக்கும் சேசிஸ் ஒன்று நீங்கலாகப் பொருந்தும். எனவே கீழே வருபவை மூன்றுக்கும் பொது.

முதலில் சைலன்சர். மேனிஃபோல்டில் தொடங்கிப் பின்பம்பர் வரை போகும் குழாயைக் காரோடு இறுகப் பிணைக்கக் கூடாது என்பதுதான் இதில் அடிப்படை. காரணங்கள் மூன்று. குழாய் நீள்கிறது, எஞ்சின் ஆடுகிறது, புகை துடிப்புத் துடிப்பாக வருகிறது.

எஃகு ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். மூன்று மீட்டர் குழாயின் சராசரி வெப்பம் 250 டிகிரி உயர்ந்தால் நீட்சி 9 மி.மீ. காலையில் வண்டியை எடுத்துச் சாலையேறிய கொஞ்ச நேரத்தில் குழாயின் பின்முனை கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்துவிடும். நிறுத்தி ஆறியதும் பழைய இடத்துக்கு வரும். இது நாள்தோறும் நடப்பது.

இரண்டாவது, எஞ்சின் ரப்பர் மவுன்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு பக்கம் சாயும், விட்டால் திரும்பும். எஞ்சினோடு மேனிஃபோல்டும் சாய்கிறது. அதில் மாட்டிய குழாயும் சேர்ந்து ஆடித்தான் ஆக வேண்டும். அதனால்தான் குழாயின் முதல் தாங்கியைப் பெரும்பாலும் கியர்பாக்ஸில் வைக்கிறார்கள். கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒரே உடலாக ஆடுவது. அங்கே பிடித்தால் மேனிஃபோல்டுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இணைப்பில் இழுப்பு விழாது. பட்டறைகளில் அடிக்கடி காணாமல்போவது இந்தச் சின்ன பிராக்கெட்தான். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது கழற்றியதை மறுபடி மாட்டாமல் விட்டுவிடுவார்கள். வண்டி ஓடும், சில மாதங்களில் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஊதத் தொடங்கும். கேஸ்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் திரும்பத் திரும்ப ஊதினால், குற்றம் கேஸ்கெட்டில் இல்லை, அந்தப் பிராக்கெட்டில் இருக்கிறது.

மூன்றாவது துடிப்பு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு முறை எரிப்பு நிகழும். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் விநாடிக்கு 25 துடிப்பு. குழாயையும் அதைத் தாங்கும் ரப்பரையும் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு சுருளில் தொங்கும் எடை. அதற்கென்று இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு. துடிப்பின் எண்ணிக்கை அந்த அதிர்வெண்ணைவிட 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதிர்வைக் குறைத்துக் கடத்தும். சமமாக இருந்தால் பெருக்கிக் கடத்தும். புது ரப்பர் இளக்கமானது. அதன் அதிர்வெண் 25க்கு வெகு கீழே நிற்கும். ஆண்டுகள் போகப் போக ரப்பர் இறுகுகிறது, அதிர்வெண் ஏறுகிறது, ஒருநாள் ஐட்லிங்கின் துடிப்பை எட்டிவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது தரைத்தகடு முழுக்க ஒரு முழக்கம் எழுந்து, வண்டி நகர்ந்ததும் அடங்கினால், பெரும்பாலும் காரணம் இதுவே. ரப்பர் அறுந்திருக்கத் தேவையில்லை. பார்க்க நன்றாக இருக்கும் ரப்பரும் செத்த ரப்பராக இருக்கலாம்; நகத்தால் அழுத்தினால் பதிய வேண்டும்.

ரப்பரைக் கெடுப்பவை சூடு, காற்றிலுள்ள ஓசோன், எஞ்சின் ஆயில். இயற்கை ரப்பர் நன்றாக இழுபடும். ஆனால் 70–80 டிகிரிக்கு மேல் நெடுநாள் தாங்காது, ஓசோனில் குறுக்கு வெடிப்பு விடும். ஈ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பர் 120 டிகிரிக்கு மேலும் தாங்கும், ஓசோனுக்கு அசையாது. ஆயில் பட்டால் மட்டும் ஊதிப்போகும். எனவே சைலன்சர் ரப்பராக ஈ.பி.டி.எம். வாங்குவது நல்லது, ஆயில் ஒழுக்கை முதலில் அடைத்துவிட்டு மாட்டுவது அதைவிட நல்லது. பழைய டயரில் வெட்டிய பட்டையை மாட்டும் வழக்கம் உண்டு. டயருக்குள் நூலிழைகள் இருப்பதால் அது இழுபடாது. அறாது என்பது அதன் நற்பெயர், அதிர்வைத் தடுக்காது என்பது அதன் குறை.

எல்லாவற்றிலும் மோசமானது, ரப்பரே வேண்டாம் என்று ஒரு கம்பியை வளைத்துச் சைலன்சரையும் சேசிஸையும் வெல்டு வைத்துவிடுவது. நீள வேண்டிய குழாய்க்கு நீள இடமில்லை. ஆட வேண்டிய எஞ்சினுக்கு வால் கட்டப்பட்டுவிட்டது. விசை முழுக்க எங்கே பலம் குறைவோ அங்கே போய்ச் சேரும். முதலில் வெல்டுக்குப் பக்கத்துத் தகடு கிழியும், அல்லது மேனிஃபோல்டு ஸ்டட் ஒடியும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே விரிசல் விட்டால் செலவு பல மடங்கு. முப்பது ரப்பரின் விலையை ஒரு மேனிஃபோல்டு விழுங்கிவிடும்.

சரியாக மாட்டும் முறைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பொறுமை வேண்டும். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தி அடியில் நுழையக் கூடாது. உறுதியான ஸ்டாண்டுகள் வைத்தாக வேண்டும். எல்லாக் கிளாம்புகளையும் தளர்வாகவே மாட்டி, முழுக் குழாயையும் தொங்கவிட்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட், பிரேக் பைப், பெட்ரோல் லைன், தரைத்தகடு எதிலும் படாமல் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி இருக்கும்படி சுழற்றிச் சரிசெய்ய வேண்டும். பிறகு முன்னாலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். பின்னாலிருந்து தொடங்கினால் மிச்சமான கோணலெல்லாம் மேனிஃபோல்டில் வந்து நிற்கும். ஆறிய நிலையில் ரப்பர்கள் சற்றே முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். குழாய் சூடேறிப் பின்னால் நீண்டதும் அவை நேராக நிற்கும்.

குழாய் துருப்பிடிப்பது பெரும்பாலும் உள்ளிருந்து. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராவியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகும். நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகவே வெளியேறும். படப்பைக் கடைத்தெரு வரை போய்த் திரும்பும் வண்டியில் சைலன்சர் சூடேறுவதற்குள் எஞ்சின் நின்றுவிடும். நீர் உள்ளேயே தங்கி, புகையிலுள்ள அமிலங்களோடு கலந்து தகட்டை அரிக்கும். அதிகம் ஓடாத காரின் சைலன்சர் சீக்கிரம் ஓட்டையாவது இதனால்தான்.

ஓட்டையைச் சத்தத்தின் தொல்லையாக மட்டும் நினைப்பது ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிணையும். பழைய காரின் தரைத்தகட்டில் துரு ஓட்டை இல்லாத இடம் குறைவு. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்முனையைத் தடித்த துணியால் சில நொடி அடைத்தால், கசிவுள்ள இடத்தில் ‘புஸ்’ என்று ஊதும். அங்கே சோப்பு நீர் தடவினால் குமிழ் வரும். இணைப்புகளில் கரும்புகைக் கறை இருந்தாலும் அதுதான் கசிவின் தடம்.

சைலன்சரும் ரேடியேட்டரும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. வேகத்தடையில் உரசி நசுங்கிய குழாயில் புகை தடைபடும். வெளியேற முடியாத சூடான வாயுவின் ஒரு பகுதி சிலிண்டரிலேயே தங்கும். எஞ்சின் இழுவை குறையும். அதே வேகத்துக்கு அதிகம் மிதிக்க வேண்டியிருக்கும். புகையோடு போக வேண்டிய வெப்பம் நீருக்குள் இறங்கும். ரேடியேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தும் சூடு அடங்காத வண்டியில் குழாயின் நசுங்கலைத் தேடுவது நியாயமான அடுத்த வேலை.

இனி குளிர்விப்பு. ரேடியேட்டர் வெளியே தள்ளும் வெப்பம், உள்ளே ஓடும் நீருக்கும் வெளியே வீசும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர் விகிதம். நீர் 90 டிகிரி, இங்கிலாந்தின் கோடைக்காற்று 20 டிகிரி என்றால் வேறுபாடு 70. அதே கார் அக்னி நட்சத்திர நாள்களில் படப்பையில் நின்றால் காற்று 40 டிகிரி, வேறுபாடு 50. ரேடியேட்டர் புத்தம் புதிதாக இருந்தாலும் அதன் திறன் 70இலிருந்து 50ஆக, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான அளவு, இறங்கிவிட்டது. குளிர்நாட்டில் பிறந்த வடிவமைப்பில் இருந்த உபரித் திறனை வெயிலே எடுத்துக்கொள்கிறது. அங்கே பத்தாண்டு பொறுத்துக்கொள்ளும் அடைப்பை இங்கே பொறுக்காததற்குக் காரணம் இது.

பழுதைத் தேடுவதற்கு முன், பழுது உண்மையா என்று பார்க்க வேண்டும். 1960களின் பிரிட்டிஷ் வகைக் கார்கள் பலவற்றில் பெட்ரோல் அளவுமானிக்கும் வெப்பமானிக்கும் 10 வோல்ட் கொடுக்கும் ஒரே ஸ்டெபிலைசர் உண்டு. அது கெட்டால் இரண்டு முள்களும் சேர்ந்தே உயரக் காட்டும். டாங்கில் இருப்பதைவிட அதிக பெட்ரோலையும், எஞ்சினில் இல்லாத சூட்டையும் ஒரே நாளில் காட்டத் தொடங்கிய வண்டிக்கு ரேடியேட்டர் வேலை தேவையில்லை. அகச்சிவப்பு வெப்பமானி இப்போது எளிதில் கிடைக்கிறது. தெர்மோஸ்டாட் வால்வின் கூட்டை நோக்கிக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

சூடு உண்மைதான் என்றானபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. நிற்கும்போது ஏறுகிறதா, ஓடும்போது ஏறுகிறதா? ஒரகடம் சந்திப்பின் நெரிசலில் ஏறி, சாலை திறந்ததும் இறங்கினால் குறை காற்றில். எஞ்சினோடு பிணைந்த விசிறி, எஞ்சின் மெதுவானால் தானும் மெதுவாகும். அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாக வீசுவது அதன் பிறவிக் குறை. அதோடு விசிறி பெல்ட் தளர்ந்திருக்கலாம். காற்றை ரேடியேட்டருக்குள் திருப்பும் பக்கவாட்டு அட்டைகளும் விசிறியைச் சுற்றிய கூடும் தொலைந்திருக்கலாம். பின்னாளில் மாட்டிய ஏ.சி. கண்டென்சரும் ஹாரன்களும் முன்னால் மறைத்து நிற்கலாம். லாரிகள் கிளப்பும் புழுதி ரேடியேட்டர் இதழ்களுக்கிடையே அப்பி, மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து சுவராகிவிடும். எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி, மெல்லிய வேகத்தில் நீர் பாய்ச்சினால் அது வந்த வழியே போகும். முன்னாலிருந்து பீய்ச்சினால் இன்னும் உள்ளே திணியும், இதழும் வளையும்.

நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது சூடு ஏறினால் குறை நீரோட்டத்தில். கீழ் ஹோஸ் உறிஞ்சு பக்கத்தில் இருப்பது. உள்ளிருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்துப் போயிருந்தால் ஹோஸ் வேகத்தில் சப்பையாகி நீரை மறிக்கும். நின்றதும் பழைய உருவுக்கு வந்துவிடுவதால் நிறுத்திப் பார்த்தால் தெரியாது. ஒருவர் எஞ்சினை ரேஸ் செய்ய இன்னொருவர் பார்க்க வேண்டும். பம்பின் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். இக்னிஷன் டைமிங் பின்தங்கினாலும் எரிதல் தாமதமாகி வெப்பம் கூடும். எல்லாவற்றையும்விடப் பொதுவானது உள்ளே படியும் உப்பு.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூட்டில் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இதன் வெப்பம் கடத்தும் திறன் வார்ப்பிரும்பின் திறனில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு. சிலிண்டர் சுவரில் ஒரு மில்லிமீட்டர் படிந்தால், சுவர் 25 மி.மீ. தடித்துவிட்டதற்குச் சமம். இதில் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. ஒருமுறை ஊற்றிய நீரிலுள்ள உப்பு ஒருமுறைதான் படியும், அதோடு தீர்ந்தது. ஒழுகும் வண்டியில் நீர் ஆவியாகி உப்பு உள்ளே தங்க, நாள்தோறும் புது உப்பு ஊற்றப்படுகிறது. ஆகவே ‘தினம் அரை லிட்டர்தானே குடிக்கிறது’ என்று விடும் சிறு ஒழுக்குதான் ரேடியேட்டரைக் கொல்கிறது. பித்தளை ரேடியேட்டரின் மேல் டாங்கைப் பற்றுப் பிரித்துக் குழல்களில் தட்டைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் கைத்தொழில், அலுமினிய–பிளாஸ்டிக் ரேடியேட்டர்கள் வந்தபின் குறைந்து வருகிறது. பழைய கார்களுக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை.

ஊற்ற வேண்டியது வாலை வடித்த நீரோ ஆர்.ஓ. நீரோ, அதோடு கூலன்ட். நீர் உறையாத ஊரில் கூலன்ட் எதற்கு என்ற கேள்விக்கு விடை, அதிலுள்ள துருத்தடுப்பு மருந்து. கூலன்ட்டிலுள்ள எதிலீன் கிளைக்காலை நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை 107 டிகிரி அளவுக்கு ஏறும். ஆனால் கலவையின் வெப்பம் சுமக்கும் திறன் தூய நீரைவிடக் குறைவு. எனவே வெப்ப நாட்டில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும். ஈயப்பற்று வைத்த பழைய ரேடியேட்டர்களுக்கு, சிலிக்கேட் கலந்த பழைய வகைக் கூலன்ட்டே பாதுகாப்பானது. கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. வடித்ததைத் தரையிலோ வாய்க்காலிலோ விடாமல், நாயும் குழந்தையும் எட்டாதபடி மூடி வைக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள், வேலை பெரிது. உள்ளே அழுத்தம் 7 பி.எஸ்.ஐ. கூடினால் நீர் 111–112 டிகிரி வரை கொதிக்காது; 13 பி.எஸ்.ஐ. கூடினால் 119 வரை. ஸ்பிரிங் தளர்ந்த மூடி இந்தப் பாதுகாப்பை முழுக்கப் பறித்துவிடும். சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1990களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. நல்ல மூடிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஆனால் காருக்குக் குறித்த அழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்த மூடியை மாட்டினால் பழைய பற்றுகளும் ஹீட்டர் குழாய்களும் பிளக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பது எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு கணக்கு: 110 டிகிரியில் அடைபட்ட ஐந்து லிட்டர் நீரின் அழுத்தத்தைத் திடீரென விடுவித்தால் சுமார் 90 கிராம் நீர் நொடியில் ஆவியாகும். அந்த ஆவியின் பருமன் 150 லிட்டர். அது மிச்ச நீரையும் அள்ளிக்கொண்டு முகத்தில் அடிக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளின் பழைய பழக்கம். ‘வெயில் ஊருக்கு இது எதற்கு?’ என்பது வாதம். 82 டிகிரி வரை மூடியிருக்கும் இந்த வால்வு எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கித் தேய்மானத்தைக் குறைக்கிறது. திறந்தபின் அது நீரைத் தடுப்பதில்லை. கழற்றினால் நீர் வேகமாக ஓடி ரேடியேட்டரில் சூடு விட நேரமில்லாமல் போகிறது என்ற விளக்கமும் தவறு. ஓட்டம் கூடினால் வெப்பமாற்றம் கூடத்தான் செய்யும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அதுவே மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் திறந்தே கிடந்து, நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பும். சூட்டைத் தணிக்கச் செய்த வேலை சூட்டைக் கூட்டுவது இப்படித்தான். தெர்மோஸ்டாட் நல்லதா என்று அறிய, பாத்திரத்தில் நீரோடு சுடவைத்து எப்போது திறக்கிறது என்று பார்த்தால் போதும். வெப்ப நாட்டுக்கென்று 74–76 டிகிரியில் திறக்கும் வகையும் உண்டு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நீர் குறைந்தால், அல்லது ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டரில் குமிழ் வந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீல நிறச் சோதனைத் திரவத்தின் வழியே ரேடியேட்டர் வாயிலுள்ள காற்றை இழுத்தால், எரிந்த வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு அது மஞ்சளாக மாறும். ஆயில் மூடியில் பால்போன்ற படலமும் ஓர் அடையாளம்தான். குறுந்தூரம் ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அது வரும் என்பதால் தனித்த சான்றாகாது. சூடேறி நின்ற எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு சுருங்கி விரிசல் விடும். கேஸ்கெட்டோடு போக வேண்டிய செலவு பிளாக்கில் போய் முடியும். ஆற விட வேண்டும், வேறு வழியில்லை.

வேலை முடிந்தபின் ஹீட்டர் வால்வு இருந்தால் அதைத் திறந்து வைத்து, காரின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்க நீரை மெதுவாக நிரப்பினால் காற்றுக்குமிழ் உள்ளே தங்காது. பிறகு இருபது நிமிட ஓட்டம் வேண்டும், அதில் கொஞ்சம் நெரிசலும் கொஞ்சம் வேகமும் இருக்க வேண்டும். திரும்பி வந்து முழுக்க ஆறியபின் மேனிஃபோல்டு நட்டுகளையும் குழாய்க் கிளாம்புகளையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும். முதல் சூட்டில் புது கேஸ்கெட் சற்று அமுங்கியிருக்கும். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், ரேடியேட்டரின் நீர்மட்டம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.